சாணி வண்டும் பதினொரு வண்ணத்துப்பூச்சிகளும்

“பூச்சிப் படக்கதை வாசிக்கவோ பிள்ளை, உன்ர கொப்பரும் கொம்மாவும் நோர்வேக்கு வந்தவை?”

கேட்டவர் மலர் மாமி. ஒஸ்லோவின் ஒரு கரையான வெஸ்ட்லியில் எங்கள் வீட்டு சோபாவில் இருந்து, எங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டே கேட்டார். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. அந்தக் கேள்விக்கு ஊரே பார்க்கப் பதில் சொல்வேன் என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். ஊர் பார்த்ததென்னவோ உண்மை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். ஆகவே நான் பல்கலைக்கழகம் போனபோது, திரும்பி வருவது ஒரு டொக்டர் என்று எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழர் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். வந்ததோ ஜப்பானிய மொழி படித்த ஒருத்தி. (விசாரித்தவர்களிடம் அம்மா “ஏதோ கொம்பியூட்டர்” என்று சொல்லி இரண்டு வருடம் சமாளித்தார்.)

மாமி சொன்ன பூச்சிப் படக்கதை ஒரு மங்கா. ஜப்பானியச் சித்திரக்கதை. ஒரு பழைய அடுக்குமாடியின் பின்புறத்தில் வாழும் பூச்சிகள் ஓயாமல் கூட்டம் கூடிச் சண்டை பிடிப்பதுதான் கதை. எங்கள் கட்டடத்துப் பொதுக்கூட்டத்துக்குப் போய்வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கதாநாயகன் ஒரு சாணி வண்டு. எல்லோருடைய குப்பையையும் உருட்டிக்கொண்டு போகும் துப்புரவுக்காரன். சண்டை உச்சத்தில் இருக்கும்போது நடுவில் புகுந்து, காலைக் கொஞ்சம் தூக்கச் சொல்வான். அவ்வளவுதான் அவனுடைய வசனம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அதே வசனம். எனக்கு ஒவ்வொரு முறையும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. ஜப்பானியர்களுக்கு நோகவில்லை போலும். மூன்று பாகத்தோடு தொடரை நிறுத்திவிட்டார்கள்.

அதை நோர்வேஜிய மொழியில் கொண்டுவரும் பொறுப்பைக் கடவுள் என்னிடம் ஒப்படைத்திருப்பதாக நான் நம்பினேன். ஒஸ்லோவில் ஒரு சிறிய பதிப்பகத்தில் இருந்த இங்கெர் என்பவருக்கு முதல் அத்தியாயத்தை மொழிபெயர்த்து அனுப்பினேன். அவர் மிக நாகரிகமாகப் பதில் சொன்னார்.

“சொந்த நாட்டிலேயே ஓடாத கதை. அந்த வண்டு பேசும் இடத்தில் எனக்குச் சிரிப்பும் வரவில்லை. பிள்ளைகள் சிரிப்பதை நான் கண்ணால் பார்த்தால் யோசிக்கிறேன்.”

அந்த வசனத்தில் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அகராதி பார்த்து, இலக்கணம் பார்த்து, மரியாதை பார்த்து எழுதியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: “தங்கள் பாதங்களைச் சற்றே உயர்த்துமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.” குறை இங்கெருடைய நகைச்சுவை உணர்வில்தான் என்று தீர்மானித்தேன்.

பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். நான் உதவி ஆசிரியையாக இருந்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆண்டு விழா வந்தது. கதையைத் தமிழ் நாடகமாக்கி, என் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் பாத்திரம் பிரித்து, பட்டியலைப் பெற்றோருக்கு அனுப்பினேன். இங்கெரையும் அழைத்தேன். தமிழ் தெரியாவிட்டாலும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் போதும் என்றார்.

பட்டியல் போய் அரை மணி நேரத்தில் முதல் தொலைபேசி வந்தது.

“தங்கச்சி, என்ர மகன் நாலு வருசமா மிருதங்கம் பழகிறான். அவனைப் போய்க் கரப்பானாக்கப் போறீரோ?”

“அக்கா, கரப்பான்தான் கூட்டத்துக்குத் தலைவர்.”

“தலைவரெண்டாலும் கரப்பான்தானே!”

அடுத்தவர், மகள் இரத்தம் குடிக்கும் நுளம்பாக வந்தால் நாளைக்குக் கலியாணம் பேசும்போது யாராவது படத்தை எடுத்துக் காட்டுவார்கள் என்றார். (மகளுக்கு வயது ஏழு.) எறும்பின் தாய் என்னோடு கதைப்பதையே நிறுத்தினார். வெள்ளிக்கிழமை வந்தபோது என்னிடம் பதினொரு வண்ணத்துப்பூச்சிகள் இருந்தன. சாணி வண்டாக நடிக்க யாருடைய பெற்றோரையும் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. அந்த வேடத்தை நானே எடுத்துக்கொண்டேன்.

சாணி உருண்டைக்கு ஒரு பெரிய உடற்பயிற்சிப் பந்து வாங்கி, மண்ணிறக் காகிதம் சுற்றி, இரண்டு வாரம் வீட்டில் சேர்த்த தேயிலைச் சக்கையைக் காயவைத்து ஒட்டினேன். அசல் சாணி தோற்றது. முதுகுக்கு மட்டையில் ஓடு. வண்டு செய்வதுபோலத் தலைகீழாகக் குனிந்து, பின்னங்காலால் உருட்டிப் பழகினேன். அப்பா சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, அந்த மேடை முன்பக்கம் கொஞ்சம் சரிவு. தண்ணி ஊத்தினா எல்லாம் கீழதான் ஓடும். பந்து கவனம்.”

விழா நடப்பது ஒரு நோர்வேஜியப் பள்ளிக்கூட மண்டபத்தில். வாரநாட்களில் அதைத் துடைப்பவர் அப்பாதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு அது இருபதாவது வருடம்.

“அப்பா, நான் எல்லாம் அளந்து பாத்திட்டன்” என்றேன். எதையும் அளக்கவில்லை. நாடகத்தை அவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டவும் எனக்குத் தோன்றவில்லை. படித்தவள் அல்லவா.

அழைப்பிதழில் நாலு மணி என்று இருந்தது. இங்கெர் நாலு மணிக்கு வந்தார்! மண்டபத்தில் அவரும் அடுக்கிய கதிரைகளும் மட்டும் இருந்தனர். ஐந்தரைக்கு மற்றவர்கள் வந்தார்கள். பிரதம விருந்தினர் வராததால் இங்கெரையே பிரதம விருந்தினராக்கி, பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு ஏற்றவைத்தார்கள். (மண்டபத்தில் நெருப்புக்குத் தடை. பற்றரியில் எரியும் மெழுகுதிரிகளின் ஆளியை ஒவ்வொன்றாகத் தட்டினார்.) பிறகு ஏழு உரைகள். இங்கெர் பொன்னாடைக்குள் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் என் நாடகம். பதினொரு வண்ணத்துப்பூச்சிகளும் முழுப் பரதநாட்டிய அலங்காரத்தில், சலங்கையோடு வந்து மேடையைத் தொட்டுக் கும்பிட்டன. பதினொரு தாய்மாரும் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையை மறைத்தார்கள். மிருதங்கக்காரச் சிறுவன் முன்னே வந்தான்.

“நான்தான் கரப்பான், இந்தக் கூட்டத்துக்குத் தலைவர்…”

“தம்பி! வண்ணத்துப்பூச்சி எண்டு சொல்லு!” என்று கீழேயிருந்து தாயின் குரல் வந்தது.

அவன் யோசித்தான். “நான் முந்திக் கரப்பான்” என்றான். அதோடு மற்றப் பிள்ளைகளுக்கும் வசனம் மறந்துபோனது. ஒருவரும் சிரிக்கவில்லை. இங்கெர் குறிப்பேட்டை மூடுவதை நான் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். இரண்டு வருட உழைப்பு அந்தக் குறிப்பேட்டோடு மூடிக்கொண்டிருந்தது.

பாய்ந்து வந்தேன். அதாவது, தலைகீழாகக் குனிந்து, பின்பக்கத்தைச் சபைக்குக் காட்டியபடி வந்தேன். மேடையின் நடுவில் நின்று அந்த உன்னத வசனத்தைத் தொடங்கினேன். “தங்கள் பாதங்களைச் சற்றே…”

பந்து மேடையின் சரிவைக் கண்டுபிடித்தது. அதைப் பிடிக்கப் பாய்ந்த நான் மல்லாக்க விழுந்தேன். முதுகு ஓடு அவ்வளவு சிறப்பாகச் செய்யப்பட்டிருந்ததால் எழும்ப முடியவில்லை. கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு கிடந்தேன். அந்த மாலையில் நான் செய்த ஒரே இயல்பான நடிப்பு அதுதான்.

பந்து தாய்மாரைக் கடந்து தமிழ்ப் பள்ளித் தலைவரின் மடியில் இறங்கியது.

“ஐயோ, உண்மையான சாணி கொண்டுவந்திட்டாள்!” மலர் மாமியின் குரலை எனக்கு எந்தக் கோணத்திலும் தெரியும்.

தலைவர் அதைப் பின்வரிசைக்குத் தள்ளினார். அவர்கள் தங்களுக்குப் பின்னால் தள்ளினார்கள். யாருக்கும் தொடவும் விருப்பமில்லை, வைத்திருக்கவும் விருப்பமில்லை. பட்டுச் சேலைகளுக்கு மேலாக என் சாணி உருண்டை மண்டபம் முழுக்கப் பயணம் செய்து, கடைசி வரிசையில் இருந்த அப்பாவின் காலடியில் போய் நின்றது.

அப்பா எழும்பினார். கலியாண வீடுகளுக்கு மட்டும் போடும் கோட்டின் கையை மடித்தார். குனிந்து, இரண்டு கையாலும் பந்தை உருட்டிக்கொண்டு கதிரைகளுக்கு நடுவால் வரத் தொடங்கினார். முகத்தில் சிரிப்பே இல்லை. வேலை முகம்.

“கொஞ்சம் காலைத் தூக்குங்கோ… தம்பி, கால்… அக்கா, காலைத் தூக்குங்கோ.”

வரிசை வரிசையாகக் கால்கள் உயர்ந்தன. மேடையில் ஒரு வண்ணத்துப்பூச்சி கிக்கென்று சிரித்தது. அடுத்தது சிரித்தது. பதினொன்றும் சலங்கை குலுங்கச் சிரித்தன. பள்ளித் தலைவரும் காலைத் தூக்கினார். முன்வரிசைக்கு வந்த அப்பா, இங்கெரைக் கண்டதும் நோர்வேஜிய மொழிக்கு மாறினார். இருபது வருடமாக வகுப்பறைகளில் சொல்லிவந்த அதே மூன்று சொற்கள். இங்கெர் பொன்னாடையை அள்ளிப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கினார். பிறகு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் சிரித்தார். நான் மட்டும் மல்லாந்து கிடந்தபடி, பூமி பிளக்காதா என்று காத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து இங்கெரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கடைசியில் வந்த அந்த நடிகர் அற்புதம் என்றும், அவருடைய வசனத்தை அப்படியே புத்தகத்தில் போட்டால் மேலே பேசலாம் என்றும் எழுதியிருந்தார். அகராதிக்கு ஒரு முத்தம் கொடுத்து அலுமாரிக்குள் வைத்தேன்.

புத்தகம் வந்துவிட்டது. உள்ளே மொழிபெயர்ப்பாளர் என்று என் பெயர், ஒட்டினாற்போல் அப்பாவின் பெயர். அப்பா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “என்னட்டக் கேட்டோ போட்டனீ?” என்றார். எங்கள் வீட்டில் இப்போது யார் வழியில் நின்றாலும் ‘பாதங்களைச் சற்றே’ என்று பணிவன்புடன் வேண்டப்படுகிறார்கள். அம்மாகூட. ஆண்டு விழாவுக்குப் போனால் அப்பாவிடம், “அண்ணை, இந்த முறை என்ன வேசம்?” என்று கேட்கிறார்கள். என்னிடம் கேட்பதில்லை. என்னை மல்லாக்கப் பார்த்துவிட்டார்கள்.

முந்தாநாள் இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். அதில் புதிதாக ஒரு குளவி வருகிறது. வீடு வீடாகப் போய், கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, யார் யார் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்துக் கொட்டிவிட்டு வரும். அதற்கு வசனம் எழுத ஒரே மாலை போதுமாக இருந்தது. அகராதியைத் திறக்கவே இல்லை.