காந்த நாற்காலிக்குத் தகுதியானவர்கள்

மருத்துவ அறிவியலின் வரலாற்றை எழுதப் புறப்படுகிறவர்கள் லண்டனுக்கும் பாரிசுக்கும் அலைந்து காலத்தை வீணாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போடிநாயக்கனூரில் இறங்கி, ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் நீளமான சுவரைப் பார்த்தால் போதும். 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று அதில் எழுதியிருக்கும். வயது ஐம்பதைக் கடந்த ஆண்கள் அதன் முன்னால் வரிசையாக நின்று அந்த ஆணையை அப்படியே நிறைவேற்றிக்கொண்டிருப்பார்கள். நிற்பார்கள், நிற்பார்கள், ஒன்றும் நடக்காது. சட்டத்தை இவ்வளவு மதிக்கும் குடிமக்களை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

அவர்களில் முதல்வர் என் தாய்மாமன் மலைச்சாமி. ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்குள் போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு தாண்டிக் கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிடுவது அவர் தொழில். முன்பெல்லாம் கொண்டை ஊசி வளைவு வந்தால் ஆரன் அடிப்பார். இப்போது வண்டியை நிறுத்துகிறார்.

"அண்ணே, இந்த வளைவுக்கு உங்க பேரையே வச்சிரலாம்ணே. போர்டு செலவை நாங்க பாத்துக்கிறோம்" என்பாள் மகாராணி. அந்த லோடுக்குத் தலைவி அவள்தான்.

"ரெண்டு நிமிசம் ஆத்தா" என்று மாமாவின் குரல் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வரும்.

"நேத்தும் அதைத்தான் சொன்னீங்க. நான் ஒரு தூக்கம் தூங்கி, கனாக் கண்டு, முழிச்சிட்டேன்."

சிரிப்புக்கு நடுவே ஒரு சங்கடம் இருந்தது. தோட்டத்தில் பேர் கூப்பிட்டு முடித்த பிறகு போனால், மேஸ்திரி மலையாளத்தில் "நேரம் வைகி, திரிச்சுப் போய்க்கோ" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைய கூலி போச்சு. இரண்டு தரம் அப்படி ஆன பிறகு மகாராணி நல்ல மாதிரியாகவே நோட்டீஸ் கொடுத்தாள்.

"ஆடி பொறக்குறதுக்குள்ள சரி பண்ணிக்கங்கண்ணே. இல்லேன்னா நாங்க சின்னச்சாமி ஜீப்புக்கு மாறிக்கிறோம். கோவிச்சுக்காதீக. உங்களுக்கு வயித்துக்குக் கீழ பிரச்சினை, எங்களுக்கு வயித்துலயே பிரச்சினை."

அரசு ஆஸ்பத்திரி மருத்துவர் பார்த்துவிட்டு, புராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரப் பாதையை நெரிக்கிறது, சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வந்தால் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று நாளும் குறித்துக் கொடுத்திருந்தார். ஆனால் மாமா கத்திக்குப் பயந்தவர். அத்தை வெங்காயம் நறுக்குகிற பக்கமே போகமாட்டார்.

இப்படிப்பட்ட இருண்ட காலத்தில்தான் போடிக்கு ஒளி வந்தது. அது ஒரு நாற்காலியின் வடிவத்தில் வந்தது.

சென்னை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, 'கத்தியின்றி, ரத்தமின்றி' சிறுநீர்க் கோளாற்றைத் தீர்க்கும் காந்த நாற்காலி ஒன்றைச் சோதித்துப் பார்க்க எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தது. வேட்டியைக்கூட அவிழ்க்க வேண்டியதில்லை. உட்கார்ந்தால் போதும், காந்தம் அடியில் வேலை செய்யும். இதற்காகக் கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, மணமேடையில் நாற்காலியைப் போட்டிருந்தார்கள். பின்னால் இருந்த ஜரிகைத் திரையை யாரும் கழற்றவில்லை. உட்கார்ந்தவர்கள் எல்லோரும் புது மாப்பிள்ளை போலவே தெரிந்தார்கள்.

நிறுவனத்தின் சார்பில் ஊரில் தங்கியிருந்தவர் வினோத்குமார். 'ஆய்வு ஒருங்கிணைப்பாளர்' என்று கழுத்தில் அட்டை தொங்கும். எங்கள் கல்லூரியின் சமூக சேவைப் பிரிவிலிருந்து, சேவை மனப்பான்மை மிகுந்தவன் என்று என்னை அவருக்கு உதவியாக அனுப்பினார்கள். (மதியம் பிரியாணி உண்டு என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று சிலர் பேசுவது பொறாமை.)

வினோத்குமார் முதல் நாள் கூட்டத்தில் விதிகளை வாசித்தார். ஆய்வில் சேர விரும்புகிறவர்கள் இடையில் வேறு சிகிச்சை எடுக்கக் கூடாது. எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. அந்த மண்டபத்தில் அப்படியொரு உரிமை அதற்குமுன் யாருக்கும் வழங்கப்பட்டதில்லை.

"நாளைக்கு எல்லாரும் வெறும் வயித்துல யூரின் சாம்பிள் கொண்டுவந்துருங்க" என்று முடித்தார்.

மாமா அன்று மாலையே அரசு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, குறித்த நாளில் வர முடியாது, என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். விதி விதிதானே. பிறகு எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். மாமா காரணமில்லாமல் இளநீர் வாங்கித் தருகிறவர் அல்ல.

"குடி மாப்ளே. இன்னொண்ணு வெட்டச் சொல்லவா?"

"என்ன விசயம் மாமா?"

"காலையில வெரசா எந்திரிச்சு இந்த டப்பாவுல ஒம் மூத்திரத்தப் புடிச்சுக் கொண்டா."

"நோயாளி நீங்கதான மாமா?"

மாமா என்னை இரக்கத்துடன் பார்த்தார். "காலேசுல என்னத்தடா சொல்லிக் குடுக்குறாங்க? ஏலத்துக்குக் காய் கொண்டுபோறவன், சாம்பிள்ல எதப் போடுவான்? பச்சை மாறாத பெரிய காயாப் பொறுக்கிப் போடுவானா, வெடிச்சதும் சூம்புனதுமா அள்ளிப் போடுவானா? சாம்பிள் சரியில்லேன்னா எந்த யாவாரி நம்மள எடுப்பான்?"

வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஏலக்காயை நம்பி வாழும் ஊரில் சாம்பிள் என்றால் உள்ளதில் சிறந்தது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மறுநாள் மண்டபத்தில் அது நிரூபணமானது. பட்டாளத்து ஆள்சேர்ப்புக்காகத் தினமும் ஓடிப் பழகும் மகனின் சாம்பிளை வீரணன் பெரியப்பா கொண்டுவந்திருந்தார். ஆடு புலியாட்டத்தில் சளைக்காத பெரியவர்கள் எல்லோர் கையிலும் ஊரின் வாலிபம் டப்பா டப்பாவாக மின்னியது. வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பட்டதாரிகளைக் குடும்பம் மதித்து எழுப்பிய முதல் காலை அது.

முடிவுகள் வந்தன. வினோத்குமார் தலையில் கை வைத்துக்கொண்டு மணமேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, இந்த ஊர்ல ஒருத்தருக்கும் ஒண்ணுமே இல்லப்பா. அறுபது வயசுக்காரங்களுக்கு இருபது வயசு கிட்னி. நாற்காலியை நான் யாருக்குப் போடுறது? மேலிடத்துல தினமும் கேக்குறாங்க, ஆள் சேர்ந்தாச்சா, ஆள் சேர்ந்தாச்சான்னு."

"ஏலக்காயோட மகிமையா இருக்கும் சார்" என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டு மேலிடத்துக்கும் அனுப்பினார். அறிவியலுக்கு என் முதல் பங்களிப்பு அது.

பிறகு உண்மை கசிந்தது. வினோத்குமார் இரண்டாவது கூட்டம் போட்டு, மைக்கைப் பிடித்துக் கெஞ்சினார். "ஐயா, பெரியவங்களே. எங்களுக்கு நல்ல காய் வேண்டாம். வெடிச்ச காய்தான் வேணும்."

வாழ்நாள் முழுக்கக் கேள்விப்படாத ஒரு யாவாரி வந்திருக்கிறான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. சந்தைக்கு எது தேவையோ அதைக் கொண்டுவந்து கொட்ட எங்கள் ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மறுநாள் காலை, ஊரே படுமோசமாக நோய்ப்பட்டிருந்தது.

இந்த முறை சாம்பிளோடு கேள்வித்தாளும் இருந்தது. கேட்டு நிரப்பும் பணி எனக்கு. முதலில் வீரணன் பெரியப்பா.

"ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க பெரியப்பா?"

"எத்தன தடவன்னு எழுதுனா எடுப்பாக?"

"உண்மையச் சொல்லணும்."

"அப்ப நான் படுக்குறதே இல்லன்னு எழுது."

அடுத்து என் மாமா. உலகத்தரம் வாய்ந்த அந்தக் கேள்வித்தாளின் கடைசிக் கேள்வியை வாசித்தேன். "'தற்போதைய சிறுநீர் நிலையிலேயே வாழ்நாள் முழுவதும் கழிக்க நேர்ந்தால் எப்படி உணர்வீர்கள்? மகிழ்ச்சி, திருப்தி, பரவாயில்லை, வருத்தம், மிகுந்த வேதனை.'"

பக்கத்தில் வினோத்குமார் நின்றிருந்தார். விருந்தாளியிடம் குறை சொல்வது மாமாவுக்குப் பழக்கமில்லை.

"ஆண்டவன் விட்ட வழி" என்றார்.

"அது இதுல இல்ல மாமா."

"அப்ப அவரு மனசு நோகாம எதையாச்சும் போடு."

நான் 'மிகுந்த வேதனை' என்று போட்டேன். பயனில்லை. முடிவில் வீரணன் பெரியப்பா உள்ளிட்ட பலர் 'தகுதி பெற்றோர்' ஆனார்கள். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, கிருமி இல்லை. நோய் அவர்கள் வாயில் மட்டும் இருந்தது. மாமாவோ எல்லாவற்றையும் உடம்பிலேயே வைத்திருந்தார்.

"சாரிங்க ஐயா, உங்களை எடுக்க முடியாது" என்றார் வினோத்குமார். அவர் முகம் நிஜமாகவே வாடியிருந்தது.

"ஏன் தம்பி? நோய் பத்தலையா?"

"கூடிப்போச்சு. சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, இன்ஃபெக்சன் இருக்கு. உங்களைச் சேர்த்தா ரிசல்ட் கெட்டுப்போகும்."

"நான் சேர்ந்தா நாற்காலி கெட்டுப்போயிருமா?"

"நாற்காலி இல்லைங்கய்யா, நாற்காலியோட பேரு."

"மொத தடவ ஒண்ணுமே இல்லேன்னு வேணாம்னீக. இப்ப நெறைய இருக்குன்னு வேணாங்கிறீக. எம்புட்டு இருந்தா எடுப்பீகன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, அம்புட்டு மட்டும் கொண்டாந்திருப்பேன்ல."

அரசு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். அவருடைய நாள் வேறு ஒருவருக்குப் போயிருந்தது. மறுபடி வந்து வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நிற்பதில் மாமாவுக்கு நல்ல அனுபவம் உண்டு என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஆடி பிறந்தது. மகாராணி கும்பல் சின்னச்சாமி ஜீப்புக்கு மாறியது. முதல் நாள் அவள் இறங்கி வந்து, "ஒடம்பப் பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் ஏறினாள். கிண்டல் எதுவும் செய்யவில்லை. மாமாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆனால் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இதயம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வினோத்குமார் மனம் கேளாமல், பங்கேற்பாளர்களை வீட்டிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து வீட்டுக்கும் ஏற்றியிறக்க மாமாவின் ஜீப்பையே அமர்த்தினார். ஆக, சிகிச்சை தேவையில்லாதவர்களைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு, அந்த ஜீப்பில் சிகிச்சை தேவைப்பட்ட ஒரே மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆய்வு பெருவெற்றி பெற்றது. பாதிப் பேருக்குக் காந்தம் ஓடும், பாதிப் பேருக்கு ஓடாது, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. இதுதான் அறிவியல் முறை. இரண்டு தரப்பும் ஒரே அளவில் குணமடைந்தன. அறிக்கை இதற்கு மிக நேர்மையான விளக்கம் கொடுத்தது: 'இந்த நாற்காலி மின்சாரம் இல்லாதபோதும் பலனளிக்கிறது.'

வெற்றியைக் கொண்டாட, மலைமேல் ஒரு விடுதியில் 'பங்கேற்பாளர் பாராட்டு விழா' ஏற்பாடானது. ஆய்வின் தலைவர் டாக்டர் அருள்மொழி சென்னையிலிருந்து வந்தார். அவர் எளிமையானவர். தனக்கு வந்த காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "நான் என் நோயாளிகளோட ஒருத்தரா வர்றேன்" என்று மாமாவின் ஜீப்பில் முன்சீட்டில் ஏறினார். பின்னால் வீரணன் பெரியப்பா முதலான குணமடைந்தோர், வினோத்குமார், நான். மேலே கட்டுக்கட்டாகப் பொன்னாடைகள்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவு கடந்தது. அடுத்ததில் ஜீப் நின்றது. மாமா இறங்கிப் பனிக்குள் மறைந்தார்.

டாக்டர் பொறுமையாக இருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல சார்" என்றார் வீரணன் பெரியப்பா. "டிரைவருக்குத்தான்."

"நாங்கள்லாம் நல்லாருக்கோம் சார்" என்று மற்றவர்களும் உறுதி கூறினார்கள்.

ஒருவழியாக மாமா வந்து வண்டியை எடுத்தார். அதற்கடுத்த வளைவில் மறுபடி நின்றார். இந்தத் தடவை அவர் வந்து உட்கார்ந்தபோது முகம் வெளுத்து, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. டாக்டர் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நல்ல மருத்துவர் என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

"என்னய்யா இது? இவ்வளவு முத்தவிட்டு வச்சிருக்கீங்க. யார்கிட்டயும் காட்டலையா?"

"காட்டுனேன் சார். நோய் கூடிப்போச்சு, வேணாம்னு திருப்பி விட்டுட்டாக. அவுகள நம்பி இருந்த ஆபரேசனையும் விட்டுட்டேன்."

டாக்டரின் முகம் சிவந்தது. "நோய் அதிகமா இருக்குன்னு ஒரு டாக்டர் நோயாளியைத் திருப்பி அனுப்புறதா? மனுசன்தானா அவன்? அவன் பேரைச் சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."

மாமா கியரைப் போட்டார். வீரணன் பெரியப்பா தன் காலைப் பார்த்தார். வினோத்குமார் பள்ளத்தாக்கின் இயற்கை அழகில் ஆழ்ந்துபோனார். போடிமெட்டு வரை எங்களில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

விழாவில் சொன்னார்கள். வரவேற்புரையில் ஒரு தரம், பொன்னாடை போர்த்தும்போது ஒரு தரம், நன்றியுரையில் ஒரு தரம், மைக் வைத்து, மலை எதிரொலிக்கச் சொன்னார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மாமா மட்டும் கைதட்டவில்லை. நன்றி கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் விடுதிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.