துணை இயக்குநர் காரில் எழுந்த சத்தம்

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே, ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், ஏரி குளம் எல்லைக் காப்பு மண்டல அலுவலகம் இயங்கி வந்தது. இயங்கி வந்தது என்பது அரசாணையில் உள்ள சொல். அந்தப் பக்கத்து ஏரிகளில் யாரும் மண்ணைக் கொட்டி வீடு கட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் கடமை. அதன் துணை இயக்குநர் வேதாசலத்துக்கு அரசாங்கம் ஒரு வெள்ளை அம்பாசடர் காரையும், காருக்கு ஒரு ஏ.சி.யையும், ஏ.சி. ஓடும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் உரிமையையும் வழங்கியிருந்தது.

வேதாசலம் கெட்டவர் அல்ல. நாவலேரி ஆய்வுக்கு வாரம் தவறாமல், ஒரே கிழமையில் போவார். சேலையூர் தாண்டும்போது தூங்கிவிடுவார். ஏரிக்கரையில் டிரைவர் துலுக்காணம் எழுப்புவான். கண்ணாடியை இறக்கி, பாதித் தூக்கத்திலேயே 'நீர் உள்ளது, அமைதி நிலவுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றுவார். அவர் போகும்போதெல்லாம் கரை வெறிச்சென்றுதான் இருக்கும். தன் பெயரைக் கேட்டாலே ஆக்கிரமிப்பாளர்கள் நடுங்குகிறார்கள் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

அந்த வருஷம் கத்திரி வெயிலில் காருக்குள் ஒரு சத்தம் கிளம்பியது. ஏ.சி. பட்டனைப் போட்டதும் முன்பக்கம் 'டக்' என்று கேட்கும். அது எப்போதும் உள்ளதுதான். ஆனால் அந்த 'டக்'கைத் தொடர்ந்து, கிரைண்டருக்குள் கூழாங்கல் விழுந்தாற்போல 'கொறகொற கொறகொற' என்று ஆரம்பித்து, ஏ.சி.யை நிறுத்தும் வரை நிற்காது. தெருமுனையில் வரும்போதே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"என்னய்யா இது, துலுக்காணம்?"

"கம்ப்ரஸர் சார். ஒரே பேஜாரா கீது. ஏ.சி.ய ஆஃப் பண்ணா நின்னுடும்."

"ஏ.சி.யை நிறுத்திட்டு நான் எப்படி..." தூங்குவது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "எப்படி ஃபைல் பார்க்கறது?"

அலுவலகக் கண்காணிப்பாளர் சாம்பசிவனைக் கூப்பிட்டு, சத்தத்தைச் சரிசெய்யக் குறிப்பு எழுதச் சொன்னார். விதிகளைக் கரைத்துக் குடித்தவர் சாம்பசிவன். குடித்ததில் ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தியதில்லை.

"சத்தம்னு எழுதக் கூடாது சார். எழுதினா சத்தம் இருக்குன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். 'ஒலி எனக் கருதப்படுவது'ன்னு போடுவோம். அது என்னன்னு கண்டுபிடிக்க ஒரு குழு அமைப்போம்."

குழு அமைந்தது. இயந்திரப் பிரிவிலிருந்து பொறியாளர் ஜெபசீலன், மின் பிரிவிலிருந்து பொறியாளர் பரணி, கூட்டிப்போகவும் குறிப்பெடுக்கவும் சாம்பசிவன். மூவரும் காரைச் சுற்றி வந்தார்கள். பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள்.

"வண்டியை அணைப்பா," என்றார் ஜெபசீலன்.

"அணைச்சா சத்தம் வராது சார்," என்றான் துலுக்காணம்.

"ஓடற இன்ஜின்கிட்ட நின்னு ஆய்வு பண்ணக் கூடாது. பாதுகாப்பு விதி."

வண்டி அணைந்தது. மூவரும் பானெட்டுக்குள் தலையை நுழைத்து, மூச்சை அடக்கிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது.

"செங்கல்பட்டு வண்டி வருதாம். எழுதட்டுமா?" என்றார் சாம்பசிவன்.

"வேண்டாம். அது மத்திய அரசு," என்றார் பரணி.

ஒலி எதுவும் காணப்படவில்லை என்று முதல் அறிக்கை வந்தது. வேதாசலம் குதித்தார். இன்ஜினை ஓடவிட்டு ஆய்வு செய்யத் தலைமை அலுவலகத்தில் சிறப்பு அனுமதி வாங்கினார். அது வருவதற்குள் கத்திரி முடிந்து ஆடிக்காற்றே அடித்துவிட்டது. மறுபடியும் பானெட் திறந்தது. துலுக்காணம் பட்டனைப் போட்டான். டக். கொறகொற கொறகொற.

"அந்த 'டக்' என்னோடது," என்றார் பரணி, பெற்ற பிள்ளையை அடையாளம் காட்டுவது போல. "கரண்டு பாஞ்சதும் காந்தம் இழுக்குது. அருமையா வேலை செய்யுது."

"பெல்ட் என்னோடது. நல்லா சுத்துது," என்றார் ஜெபசீலன்.

"சரி, இந்தக் கொறகொற?" என்றார் வேதாசலம்.

"அது 'டக்'குக்கு அப்புறம் வருது சார். என் பொறுப்பு 'டக்'கோட முடிஞ்சுடுது."

"பெல்ட்டுக்கு அந்தாண்டை வருது சார். நான் பெல்ட்டோட நின்னுக்கணும்."

எல்லை காப்பதையே தொழிலாகக் கொண்ட அலுவலகம் அது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால் வைப்பாரா? சத்தம் இருவருக்கும் நடுவே, புறம்போக்கில் நின்று கொறகொறத்தது. இரண்டாவது அறிக்கை இப்படி முடிந்தது: 'மேற்படி ஒலி எந்தப் பிரிவிலும் எழவில்லை என்பதால், அது புகார்தாரரின் செவியில் எழுந்திருக்க வாய்ப்புண்டு. செவிப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.'

வேதாசலம் போய்க் காதைக் காட்டிக்கொண்டு வந்தார். காது மிக நன்றாக இருப்பதாக டாக்டர் சான்று கொடுத்தார். அதை வேதாசலம் சாம்பசிவனின் மேஜைமேல் போட்டார்.

"சந்தோஷம் சார். ஆனா உங்க காதுக்குத்தான் சான்று இருக்கு. குழுவோட காதுகளுக்கு இல்லையே?"

குழுவும் பணி நிமித்தம் காதைக் காட்டப் போனது. ஜெபசீலனுக்கு இடது காது மந்தம் என்று தெரிய வந்து, அவர் மருத்துவ விடுப்பில் போனார். கோப்பு அவர் வருகைக்காகக் காத்திருந்தது.

வேதாசலம் வெறுத்துப்போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தச் செலவில், வேளச்சேரி ரோட்டில் இருந்த ஞானையாவின் ஒர்க்‌ஷாப்புக்குக் காரை ஓட்டிவரச் செய்தார். ஞானையா நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரஸர் மேலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக் கண்ணை மூடினான்.

"உள்ளே எல்லாம் பூடுச்சி சார். வேற கம்ப்ரஸர்தான்."

வேறு போட்டான். கொறகொற. "அப்ப கேஸு கம்மி." கேஸ் ஏற்றினான். கொறகொற. "எனக்கு அப்பவே கண்டென்சர் மேல ஒரு கண்ணு." கண்டென்சரும் மாறியது. சத்தம் மட்டும் மாறவில்லை. கடைசியில் ஞானையா சலித்துப்போய் இன்ஜினின் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு பீடி கேட்டான். சத்தம் நின்றது. கையை எடுத்தான். கொறகொற. ஊன்றினான். நின்றது. கம்ப்ரஸரைத் தாங்கிப் பிடிக்கும் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது. ஸ்பேனரை மாட்டி இறுக்கினான்.

"மொதல்லயே சொல்லலாம்னு பார்த்தேன் சார், இந்த போல்ட்டுதான்னு," என்றான் கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

திங்கட்கிழமை கார் வழுக்கிக்கொண்டு போனது. அலுவலக வாசலில் நின்றபோது யாரும் ஓடி வரவில்லை. வேதாசலம் மாடியேறினார். காலி நாற்காலிகளுக்கு மின்விசிறிகள் காற்று வீசிக்கொண்டிருந்தன. நடு மேஜையில் மும்முரமாகக் கேரம் நடந்தது. அவரைப் பார்த்ததும் ஸ்ட்ரைக்கர் தரையில் உருண்டது.

"என்ன சார் இது," என்றார் பரணி அதிர்ச்சியோடு, "சத்தமே கேக்கலையே?"

வேதாசலம் இறங்கி வந்து காரை நாவலேரிக்கு விடச் சொன்னார். அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஏரிக்கரையில் லாரிகள் வரிசையாக நின்று மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தன. 'லேக் வியூ கார்டன்ஸ்' என்ற பலகைக்குப் பின்னால் வீடுகள் தண்ணீரை நோக்கி நடந்து வந்திருந்தன. அவற்றின் முன்னால், ஈரமண்ணில், பட்டு வேட்டி கட்டிய ஒருவர் பூமி பூஜைக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் திரும்பினார். சாம்பசிவன்.

"இன்னிக்கு நீங்க லீவுன்னு நினைச்சேன்," என்றார் வேதாசலம்.

"லீவுதான் சார். ஆனா நீங்க இப்படி ஓசைப்படாம வந்து நிக்கலாமா? முன்னறிவிப்பில்லாத ஆய்வு நம்ம ஆபீஸ்ல மரபே இல்லை."

வருஷக்கணக்கில் கையெழுத்துப் போட்ட ஏரியை வேதாசலம் அன்றுதான் பார்த்தார். தண்ணீர் எங்கோ கடைசியில், தட்டில் ஒட்டிய ரசம் போலக் கிடந்தது. கார் கதவைத் திறந்துகொண்டு மண்ணில் இறங்கி, "நிறுத்துங்கடா!" என்று கத்தினார். லாரிகள் நின்றன. தன் குரலுக்கு ஒரு லாரி நிற்கும் என்பது அவருக்கே புதுச் செய்தி. அத்தனை வீடுகளுக்கும் அங்கேயே நின்று நோட்டீஸ் எழுதினார். அன்று மத்தியானம் மட்டும் அவர் நிஜமாகவே துணை இயக்குநராக இருந்தார்.

சாயங்காலம் லேக் வியூ கார்டன்ஸ் குடியிருப்போர் சங்கத்தார் வந்தார்கள். செயலாளர் லக்ஷ்மிநாராயணன், ஓய்வுபெற்ற பேராசிரியர்.

"நாங்க எல்லாம் படிச்சவங்க சார். ஏரியைக் கெடுக்கவா வந்தோம்? ஏரியைப் பார்க்கத்தானே வீடு கட்டறோம். முன்னாடி கட்டினவன் மறைக்கறான், அதனால பின்னாடி இருக்கறவன் இன்னும் கொஞ்சம் முன்னாடி வரவேண்டியிருக்கு."

"அது ஏரி, சார்."

"யார் இல்லைன்னா? உங்க கார் சத்தம் கேட்டா லாரியை எல்லாம் ஒதுக்கிடுவோம். உங்களுக்கும் மனக்கஷ்டம் இல்லை, எங்களுக்கும் இல்லை. ஒருத்தருக்கொருத்தர் ஒரு மரியாதை இருந்தது. இப்போ திடீர்னு இப்படி நாகரிகமில்லாம வந்து நின்னா எப்படி?"

வேதாசலம் அசையவில்லை. நோட்டீஸ் நோட்டீஸ்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டு, தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனார். காபி கொடுத்துவிட்டு மனைவி பாலாம்பாள் ஆரம்பித்தாள்.

"நாவலேரி பக்கம் ஏதோ கலாட்டாவாமே? நம்ம நிகில் சிறுசேரியிலேர்ந்து போன் பண்ணி அழாத குறை. ஆபீஸ் லோன் போட்டு அங்கதான் மனை வாங்கியிருக்கான். கிரகப்பிரவேசத்தன்னிக்குத்தான் அப்பாகிட்ட சொல்லணும்னு இருந்தானாம்."

வேதாசலம் காபியைக் கீழே வைத்தார். அவருக்குள் ஏதோ ஒன்று வாதாடிப் பார்த்துத் தோற்றது.

"எந்த வரிசை?" என்றார்.

"முன் வரிசைதான். ஏரி நேரா தெரியுமாம்."

மறுநாளே குழு கூடியது. பொருள்: வாகனத்தில் ஒலியின்மை. ஜெபசீலன் விடுப்பை ரத்து செய்துகொண்டு வந்தார். பானெட் திறந்தது. இந்தத் தடவை ஒரே கேட்பில் முடிந்துவிட்டது.

"என் பிரிவுல சத்தம் இல்லை," என்றார் பரணி.

"என் பிரிவுலயும் இல்லை," என்றார் ஜெபசீலன், மந்தக் காதைத் திருப்பி.

குழு தன் வரலாற்றில் முதன்முறையாக ஒருமனதாக முடிவெடுத்தது: வாகனத்தை முந்தைய ஒலி நிலைக்கு மீட்பது அவசர அவசியம். நோட்டீசுகள் 'ஒலியற்ற வாகனத்தில் சென்று வழங்கப்பட்டமையால் முறைப்படி செல்லாதவை' ஆயின.

"துலுக்காணம், அந்த போல்ட்டை லூஸ் பண்ணு."

"எவ்ளோ சார்?"

"பழையபடி."

டக். கொறகொற கொறகொற. மாடியில் நாற்காலிகள் நகர்ந்து சரியாகும் சத்தம் கேட்டது. வேதாசலம் கண்ணாடியை ஏற்றினார். சேலையூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

அதன் பிறகு அந்தச் சத்தத்துக்கு ஒரு மவுசு வந்தது. ஓசையில்லாமல் வருகிறவர் பெரிய அதிகாரியாக இருக்க முடியாது என்று ஊர் முடிவுகட்டியது. மற்ற அலுவலக டிரைவர்கள் ஞானையாவிடம் வந்து, "ஏரி ஆபீஸ் வண்டி சவுண்டு மாதிரி வெச்சுக் குடு" என்று நின்றார்கள். கீழ்க்கட்டளையில் ஒரு கவுன்சிலர் ஏ.சி.யே இல்லாத ஜீப்புக்கு அதைக் கேட்டார். ஞானையாவும் எப்படியோ செய்து கொடுத்தான்.

நிகில் வீடு எழும்பியது. சாம்பசிவன் வீடு பக்கத்திலேயே எழும்பியது. அடுத்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது. விடவே இல்லை. ஒரு விடியற்காலையில் ஏரி, எந்த ஓசையும் இல்லாமல், லேக் வியூ கார்டன்ஸுக்குள் வந்து அமர்ந்தது. ஹாலுக்குள் வந்தது, பூஜை அறைக்குள் வந்தது, புது கார்களின் ஸ்டியரிங்வரை வந்தது. எல்லோரும் மொட்டை மாடியிலிருந்து ஏரியை நன்றாகப் பார்த்தார்கள். துலுக்காணத்தின் மச்சான்கள் கோவளத்திலிருந்து படகு கொண்டுவந்து, நிகில் வீட்டில் தங்கியிருந்த வேதாசலத்தையும் பாலாம்பாளையும் மாடியிலிருந்து இறக்கினார்கள்.

நனைந்த வேட்டியோடு சங்கத்தார் நேரே அலுவலகத்துக்கு வந்தார்கள். லக்ஷ்மிநாராயணன் மனுவை வாசித்தார்: "எங்கள் நகரை நாவலேரி அத்துமீறி ஆக்கிரமித்துள்ளது. ஆக்கிரமிப்பை உடனடியாக அகற்றித் தர வேண்டுகிறோம்."

வேதாசலம் சாம்பசிவனைப் பார்த்தார். சாம்பசிவனின் ஃபிரிட்ஜ் அப்போது ஏரியில் மிதந்துகொண்டிருந்தது.

"விதியில இடம் இருக்கு சார்," என்றார் சாம்பசிவன் உறுதியாக. "ஆக்கிரமிப்பாளர் மனுஷனா இருக்கணும்னு எங்கேயும் போடலை."

ஏரிக்கு நோட்டீஸ் தயாரானது. தண்ணீரில் ஒட்டாது என்பதால் படகில் போய் நிகில் வீட்டுச் சுவரில் ஒட்டினார்கள். உரிய கெடுவுக்குள் காலி செய்யாவிடில் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது. மழை விட்டது. வெயில் அடித்தது. கெடு முடிவதற்குள் ஏரி தன்னிடம் மிச்சம் இருந்த இடத்துக்குத் திரும்பிப் போனது.

வேதாசலத்துக்குக் குடியரசு தினத்தன்று நற்சான்று வழங்கினார்கள். சங்கத்தார் மாலை போட்டார்கள். அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து, அது கொடுத்த நோட்டீசுக்கு மரியாதை கொடுத்து வெளியேறிய ஒரே ஆக்கிரமிப்பாளர் ஏரிதான்.