மைக்கக்காவும் மந்திரத் தண்ணீரும்

ஐம்பத்தொரு வயதில், கறுப்பு அட்டையில் செய்த கூம்புத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒன்பது குழந்தைகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். அதையாவது மன்னித்துவிடலாம். அடுத்த நிமிடமே அந்தப் பழியைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைத்தேன். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுத அவசியமும் இல்லை, ஊருக்கே தெரியும்.

அந்த இன்னொருவர் மைக்கக்கா. இராமநாதபுரத்தில் ஏதாவது ஒரு வீட்டில் ரகசியம் மிச்சமிருந்தால், அங்கே மைக்கக்கா இன்னும் சமைக்கவில்லை என்று அர்த்தம். மைக் முழுங்கியவர் என்று ஊர் வைத்த பெயர் அது; உண்மையான பெயர் ஆதார் அட்டைக்குத்தான் தெரியும். தங்கச்சிமடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டில் சமைக்கிறார். கணவர் விசைப்படகில் போகிறவர். மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது தன் பாவத்தை ஒரு நிமிடத்திலும், தெருக்காரர்களின் பாவத்தைக் கால் மணி நேரத்திலும் சொல்லி முடிப்பார் என்று கேள்வி.

எதைச் சாப்பிடுகிறோம் என்று சாப்பிடுகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. காரங்காடு கிராமத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இலை இலையாகப் போய், "கூட்டம் கூடிருச்சு, சாம்பார்ல ரெண்டு குடம் வெந்நிய ஊத்தி நீட்டியிருக்கேன், ரசமா நெனச்சுக்கிட்டுச் சாப்புடுங்க" என்று அறிவித்தவர். என் மேலதிகாரி எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்து, "நண்டுக் குழம்புல உங்க மனைவி கைப்பக்குவம் தெரியுது" என்றார். சமையலறையிலிருந்து குரல் வந்தது: "நான் வச்சது சார். தங்கச்சி அங்கன உக்காந்து போன் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் மாயாஜால விருந்து நடத்த நினைத்தேன்.

காரணம் என் மகள் இனியா. புதுப் பள்ளியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைக்கவில்லை. சாப்பாட்டு மணியில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதத்தை முடித்துவிட்டு, டப்பாவைக் கழுவுகிற சாக்கில் குழாயடியிலேயே நின்றுவிடுவாளாம். இதை எங்களுக்குச் சொன்னதும் மைக்கக்காதான். அவளுடைய பிறந்தநாளுக்கு வகுப்பில் ஒன்பது பேரைக் கூப்பிட்டோம். அவர்கள் வியந்துபோக வேண்டும். வியக்கவைக்கப் போகிறவன் நான்.

போனில் வீடியோ பார்த்து எளிய பட்டியல் ஒன்று போட்டேன். இட்லிக்குத் தேங்காய்ச் சில்லில் காது, மிளகில் கண் வைத்தால் தொப்பியிலிருந்து வந்த முயல். நீளமாக வெட்டிய ரொட்டியின் நுனியைச் சாக்லேட்டில் தோய்த்தால் மந்திரக்கோல். கடைசியாகப் பெரிய வித்தை: சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும்.

"அக்கா, எதையும் வெளிய சொல்லக்கூடாது" என்றேன்.

"நான் யார்ட்ட தம்பி சொல்லப் போறேன்" என்றார். முகம் அப்போதே வேர்த்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விருந்தன்று முயல் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "முயலெல்லாம் இல்ல பிள்ளைகளா. நேத்து அரைச்ச மாவு, இட்லி. காது மட்டும் தேங்கா. பயப்படாமத் தின்னுங்க."

குழந்தைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவரைக் கையோடு அழைத்துப்போய்க் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். மூன்று வருடமாக எங்களுக்குச் சோறு போடுகிறவரை. தாழ்ப்பாள் வேறு போட்டேன்.

பிறகு வித்தைத் தண்ணீரை நானே தயாரித்தேன். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு: வண்டியில் வாங்கும் நல்ல தண்ணீர் ஒரு குடம், புழங்குகிற உப்புத் தண்ணீர் ஒரு குடம். எங்கள் வீட்டில் இரண்டு குடமும் ஒரே நிறம் என்பதால் மைக்கக்கா உப்புக் குடத்தின் கழுத்தில் ஒரு சிவப்புக் கந்தலைக் கட்டி வைத்திருப்பார். அந்தக் கந்தல் மாயாஜால அலங்காரத்துக்குப் பொருந்தவில்லை என்று முந்தின நாள் அவிழ்த்து எறிந்து, இரண்டு குடத்துக்கும் ஊதா ரிப்பன் கட்டி வெள்ளி நட்சத்திரம் ஒட்டியிருந்தேன்.

தண்ணீர் நிறம் மாறியது. "ஓ" என்றார்கள் குழந்தைகள். குடித்தார்கள். ஒரு பையன் என் வேட்டியிலேயே துப்பினான்.

இனியா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சந்திக்க முடியாமல் வாய் தானாகப் பேசியது: "சமையல்கார அம்மா தண்ணிய மாத்தி வச்சுட்டாங்கம்மா."

இதற்குள் என் மனைவி தாழ்ப்பாளைத் திறந்திருந்தாள். மைக்கக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ரிப்பன் கட்டிய குடங்களைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆமா பிள்ளைகளா" என்றார். "கெழவிக்குக் கண்ணு தெரியல. எந்திரிங்க, அந்த வேலியில சங்குப்பூ கெடக்கு, ஆளுக்கு அஞ்சு பறிச்சுட்டு வாங்க. ஏலே, துப்புனவனே, நீ மொதல்ல வா."

அப்புறம் நடந்தது என் வித்தை இல்லை. நல்ல தண்ணீரைச் சுடவைத்து, ஆளுக்கொரு டம்ளர் கொடுத்து, "மந்திரமுமில்ல மாயமுமில்ல, பூவும் எலுமிச்சையும்தான். நீங்களே புழிங்க" என்றார். ஒன்பது பேரும் தாங்களே நிறம் மாற்றினார்கள். மாற்றியதையே மூன்று தடவை மாற்றினார்கள். ஒரு பெண் இனியாவின் கையைப் பிடித்து, "எங்க வீட்டு வேலியிலயும் இந்தப் பூ இருக்கு, நாளைக்கு வாரியா?" என்றாள். நான் தொப்பியைக் கழற்றிச் சமையல் மேடைக்குக் கீழே வைத்தேன்.

திங்கட்கிழமை காலை மைக்கக்கா வந்ததும் வெங்காயம் உரித்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னைய மன்னிச்சுருங்கக்கா. ஏன் காட்டிக் கொடுக்கல?"

"பெத்த பிள்ளை முன்னால அப்பனை எப்படித் தம்பி விட்டுக் கொடுக்குறது?" என்றார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அதை நறுக்கி முடித்துவிட்டு, "ஆனா பாம்பன் பாலம் வரைக்குந்தான் தாங்குச்சு. அதுக்கு மேல நெஞ்ச அடைச்சுருச்சு. கண்டக்டர்ட்ட சொல்லிட்டேன்."

இராமநாதபுரத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போகிற வழியில் பாம்பன் பாலம் பஸ்ஸில் ஒரு மணி நேரம். வாழ்நாளில் எந்த ரகசியத்தையும் தெருமுனை தாண்டிச் சுமக்காதவர், எனக்காக அவ்வளவு தூரம் சுமந்திருக்கிறார். வெங்காயம் நல்ல காரம்.

மகளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மேலும் மூன்று நாள் பிடித்தது. வியாழக்கிழமை அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது எதிரில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, குடம், ரிப்பன், பழி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும்ப்பா. வேன் டிரைவர் அங்கிள் செவ்வாக்கிழமையே சொல்லிட்டாரு. அடுத்த வருசமும் வித்தைக்கு மைக்கக்காவையே வைக்கச் சொல்லி எல்லாரும் கேட்டாங்க. நீங்க வேணும்னா கொல்லையில இருந்துக்கோங்க."