சாவி அண்ணனும் பின்னால் ஏறிய மூவரும்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் அத்தனைக்கும் முதலாளி ஒருவர்தான். சர்வீஸ் இன்ஜினியர் சாவி அண்ணன். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

வந்ததும் வணக்கமெல்லாம் கிடையாது. வண்டிச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் பேச்சு. ஒரு மில்லில் மேனேஜர், "நான் யாருன்னு தெரியுமாய்யா?" என்று எகிறினார். "தெரியல சார். பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி ஒரு மாசமாச்சுன்னு மட்டும் தெரியுது" என்றார் இவர்.

நான் அப்போது கப்பலூர்ப் பக்கம் ஒரு குடோனில் சூப்பர்வைசர். எங்கள் வண்டி இரண்டு டன் தூக்கும். நாங்கள் அதற்கு மேலும் ஏற்றுவோம். முன்பாரத்தில் பின்பக்கம் மேலே எழும்பாமல் இருக்க லோடுமேன்கள் இருவர் வண்டியின் பின்னால் ஏறி நின்றுகொள்வார்கள். அன்று ஐந்து மணிக்குள் லாரி கிளம்பாவிட்டால் ஆர்டர் போகும், கூடவே என் வேலையும் போகும். அந்த நேரம் பார்த்து வண்டி திணறியது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

இரண்டு டன் வைத்துப் பார்த்தார். ஜம்மென்று தூக்கியது.

"மெஷினு நல்லாத்தான இருக்கு? எப்பவும் போலத் தூக்கிக் காட்டுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, பாண்டியும் கருப்பும் ஓடிப்போய்ப் பின்னால் ஏறிவிட்டார்கள். இறங்குங்கடா என்று கண்ணைக் காட்டினேன். ஆள் போதவில்லை என்று நினைத்து வாட்ச்மேனும் ஏறிக்கொண்டார்.

சாவி மறுபடியும் அண்ணன் பைக்குள் போய்விட்டது.

"அண்ணே, லாரி நிக்குது! என் பொழப்பு போயிரும்ணே!"

"தாரேன் மாப்ள. அதுக்கு முன்னாடி இந்த மூணு பேரு பேரையும் வீட்டு நம்பரையும் எழுதிக் குடு. வண்டி கவுந்தா வீட்டுக்கு நாந்தான சொல்லணும்?"

பேனாவை எடுத்தேன். 'பாண்டி' என்று எழுதினேன். நம்பரைக் கேட்கத் தலையைத் தூக்கினால், பாண்டி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் மகளுக்கு அப்போது எட்டு மாதம். அதற்கு மேல் கை ஓடவில்லை. மூவரையும் இறங்கச் சொன்னேன்.

"லோடைப் பாதிப் பாதியாப் பிரிச்சு வைங்கடா. நான் ஓட்டுறேன்" என்று அண்ணனே சீட்டில் ஏறினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்ட, மூச்சு விடாமல் ஓட்டினார். ஐந்தேகாலுக்கு லாரி கிளம்பியது. டிரைவர் திட்டிக்கொண்டே போனார். கால் மணி நேரத் தாமதத்தை ஆர்டர் கொடுத்தவர்கள் பொறுத்துக்கொண்டதால் வேலை தப்பியது.

சர்வீஸ் ரிப்போர்ட்டை நீட்டினார். 'கோளாறு' என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கும் என்று பயந்துகொண்டே பார்த்தேன். காலியாக விட்டிருந்தார். கீழே, 'சரிசெய்யப்பட்டது' என்பதில் மட்டும் ஒரு டிக்.

வண்டியில் அவர் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. எதைச் சரிசெய்தார் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷன் மேல் அன்றிலிருந்து எனக்குக் கொள்ளைப் பிரியம்.