மன அழுத்தத்தில் கடைசி ரேங்க்

என் கையில் சிவப்புப் பேனா இருந்தால் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருத்தி மதிப்பெண் போட்டுவிடுவேன். இத்தனை வருடம் கணக்கு வாத்தியாராக இருந்ததன் பலன். அந்தப் பேனாதான் நான்கு வருடங்களுக்கு முன்பு என் மானத்தை வாங்கியது.

காளவாசல் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்க எட்டு வாரப் பயிற்சி ஒன்று வந்தது. பொறுப்பு என் தலையில் விழுந்தது. (ஆசிரியர் கூட்டத்தில் நான் கண்ணயர்ந்த நேரத்தில் பெயரை எழுதிவிட்டார்கள்.) மூச்சுப் பயிற்சி, மனம்விட்டுப் பேசுவது எல்லாம் உண்டு. தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, அழுத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதில்களை யாருக்கும் காட்டக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னார்களாம். நான் அப்போது போண்டா வரிசையில் நின்றிருப்பேன்.

முதல் வெள்ளிக்கிழமை பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததை வீட்டில் உட்கார்ந்து கூட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். அழுத்தம் குறைவாக இருந்தவனுக்கு முதல் ரேங்க் என்று தொடங்கி நாற்பது பேருக்கும் ரேங்க் போட்டேன். கடைசி ரேங்க் வாங்கிய தேவியின் தாளில் ‘இன்னும் முயற்சி தேவை’ என்று எழுதினேன். சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் தாளைக் கொடுத்து, “திங்கக்கெழம அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணும்” என்றேன். இதில் ஏதோ பிசகு என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை.

திங்கள் காலை தலைமையாசிரியை அறையில் பெற்றோர் திரண்டு நின்றார்கள்.

“எம்புள்ளைக்கு முப்பத்தோராவது ரேங்க் சார். இதுக்கு டியூசன் எங்க எடுக்குறாக?” என்று ஓர் அம்மா கேட்டார்.

தலைமையாசிரியை என்னைத் தனியாக அழைத்தார். “பிள்ளைக நம்மள நம்பி எழுதுனது சார் அது. அதப் போயி வீட்டுக்குக் குடுத்துவிட்டிருக்கீங்களே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்புக்கு ஓடினேன். தேவி வரவில்லை. போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அடித்திருப்பார்களோ, அந்தப் பிள்ளை ஏதாவது செய்துகொண்டதோ என்று பயந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு அவள் ஊரான திருமங்கலம் போய்ச் சேரும்வரை நான் கும்பிடாத சாமி இல்லை.

பஸ் கண்டக்டரான அவள் அப்பா அந்தத் தாளோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“தேவி எங்கண்ணே?”

“தூங்குது சார். மெதுவாப் பேசுங்க.”

“அடிச்சீங்களா?”

“எதுக்கு சார் அடிக்கணும்? ரேங்க் கார்டுன்னா கடைசியில இருக்க நம்பரப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்ருவேன். இது என்ன பாடம்னே வெளங்காம ஒவ்வொரு கேள்வியா வாசிச்சேன். தூக்கம் வருதான்னா இல்லைங்குது. வீட்ல சொல்ல முடியுதான்னா அதுக்கும் இல்லைங்குது. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எனக்கு இம்புட்டும் தெரியல சார்.” தாளை மடித்தார். “விடியக்கால டியூசன நிப்பாட்டிட்டேன். தூங்கட்டும்.”

அப்பாடா என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். தேவி எழுந்து வந்ததும் அவளிடமும் கேட்டேன். “அப்ப நான் பெயிலு இல்லையா சார்?” என்றாள்.

எட்டு வாரம் கழித்து மறுபடி கேள்வித்தாள் கொடுத்தேன். ரேங்குக்குப் பயந்து முப்பத்தொன்பது பேர் தங்களுக்குக் கவலையே கிடையாது என்று எழுதிவிட்டார்கள். (இப்படி ஒரு வகுப்பு உலகத்திலேயே இருக்க முடியாது.) தேவி மட்டும் உள்ளதை எழுதியிருந்தாள். கணக்குப் பாடம் இன்னும் பயமாக இருக்கிறதாம், தூக்கம் மட்டும் வருகிறதாம். பயிற்சி பலித்ததா என்று கேட்டவர்களுக்கு, நான் கெடுத்ததையும் சேர்த்து அப்படியே எழுதி அனுப்பினேன்.

இப்போதும் நான் வீட்டில் எரிந்து விழுந்தால் என் மனைவி மகளிடம், “பாப்பா, இன்னைக்கு அப்பா எத்தனாவது ரேங்க்?” என்று கேட்பாள். “கடைசி” என்று பதில் வரும். கடைசி ரேங்க் வாங்கியவர்களைத் தூங்க விட வேண்டும் என்பதால், நான் மறுபேச்சில்லாமல் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.