அத்தையின் அட்டையும் நாற்பத்தொரு பாட்டில் மோரும்

டேட்டன், மேற்குப் பக்கம்
திங்கட்கிழமை சாயங்காலம்

ஹியூஸ்டன் மாநகரில் பதினான்காம் மாடியில் வீற்றிருந்து, மேகங்களை மேய்த்துக்கொண்டிருக்கும் என் ஒரே தங்கையின் ஒரே மகள் டமிகாவுக்கு, உன் வெண்டெல் மாமா வாயாரச் சொல்லும் ஆசிகள். இங்கே நானும் என் இடது முழங்காலும் சௌக்கியம். வலது முழங்கால் என்னோடு பேசுவதில்லை.

நவம்பர் நன்றிப் பண்டிகைக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். எனக்கு இங்கே மூச்சுவிட நேரமில்லை. தனிமையாவது ஒன்றாவது, வாசலில் ஜனம் வரிசைகட்டி நிற்கிறது. அப்படி யாரும் நிற்கவில்லையே என்று எவராவது சொன்னால் நம்பாதே. நம் கடையில் நடந்த மோர்க் கலவரத்தை மற்றவர்கள் கண் காது மூக்கு வைத்து உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பெரிய கடைக்காரன் மூடிவிட்டுப் போனபிறகு பன்னிரண்டு வருஷம் இந்தப் பக்கத்தில் ஒரு வெங்காயம் வாங்க ரெண்டு பஸ் மாறினோம். நான் தக்காளியின் நிறத்தையே மறந்துபோனேன், பெட்ரோல் பங்கில் விற்கிற சிப்ஸ்தான் காய்கறி என்று ஒரு தலைமுறையே வளர்ந்தது. உன் ஓரலீ அத்தை சர்க்கரைவள்ளிக் கிழங்கை மாவில் பொதிந்து ‘பை’ என்கிற பலகாரம் சுட்டு, தேவாலயப் படியில் நின்று விற்று, தெருவில் போன ஒருத்தரையும் விடாமல் பங்கு சேர்த்தாள். கடைசியில் எல்லோரும் பங்குதாரராக ஒரு கூட்டுறவுக் கடை, நம்முடையதாகவே திறந்தது. அதில் ஒரு வழக்கம்: அங்கத்தினர் யார் எந்தச் சரக்கைக் கேட்டாலும், அவர் கைப்பட எழுதிய அட்டை அந்தச் சரக்குக்குக் கீழே தொங்கும். அத்தை கேட்டது கெட்டி மோர். எழுதியது: ‘ஓரலீ கேட்டது. நல்லாக் குலுக்கிக் குடிங்க. குலுக்காமக் குடிச்சிட்டு எங்கிட்ட வந்து புலம்பாதீங்க.’ அட்டை தொங்கி ஐந்தாம் வாரம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாதத்துக்கு ஆறு பாட்டில்கூடப் போகாத சரக்கை எடுத்துவிடுவார்கள். அட்டையும் குப்பைக்குப் போகும். அந்த அட்டையைத் தவிர என் வீட்டில் எதிலும் அவள் கையெழுத்து இல்லை, டமிகா. அவள் எழுதிவைக்கிறவள் இல்லை, சத்தம்போட்டுச் சொல்கிறவள். ஆகையால் திங்கட்கிழமைதோறும் லாரி வந்ததும், வந்த ஆறு பாட்டிலையும் நானே வாங்கினேன். எனக்கு மோர் வாசனையே ஆகாதென்பது உனக்குத் தெரியும். கடையை நடத்துகிற லாவெர்ன் பார்த்தாள், அட, மோர் பிய்த்துக்கொண்டு போகிறதே என்று பன்னிரண்டு வரவழைத்தாள். விட முடியுமா? பன்னிரண்டையும் வாங்கினேன். அவள் வாராவாரம் இருபத்துநாலு! காலையில் தொப்பி, மத்தியானம் கறுப்புக் கண்ணாடி, சாயங்காலம் அடக்கத்துக்குப் போகிற கோட்டு என்று மாறுவேஷத்தில் போனேன். மோர் ஊற்றிச் சோளரொட்டி சுட்டேன், சுட்ட ரொட்டியில் நம் தெருவுக்கே தளம் போடலாம். ரோஜாச் செடிக்கு ஊற்றினேன், அது பயந்து மூன்றடி நகர்ந்து நிற்கிறது. அதுபோக மிச்சம் நாற்பத்தொரு பாட்டில் குளியல் தொட்டியில் பனிக்கட்டிக்கு நடுவே குளிக்க, நான் சமையலறைத் தொட்டியில் தவணை முறையில் குளித்தேன்.

போன வியாழன் தேவாலயக் கீழ்த்தளத்தில் கடை அங்கத்தினர் பொதுக்கூட்டம். லாவெர்ன் முகமெல்லாம் பல்லாக எழுந்தாள். “நம்ம கடையிலயே மோர்தாங்க ராஜா! மோருக்குன்னே தனியா ஒரு குளிர்பெட்டி வாங்கலாம்னு இருக்கேன். கை தூக்குங்க!”

 வாயை மூடிக்கொண்டால் அத்தை பை சுட்டுச் சேர்த்த பணமெல்லாம் ஒரு வெட்டிக் குளிர்பெட்டியாகிவிடும். திறந்தால் அட்டை போய்விடும். எழுந்துவிட்டேன்.

“அம்மா லாவெர்ன், பெட்டி வேணாம். அம்புட்டையும் வாங்கினது நாந்தான்.”

“எல்லாத்தையுமா ஐயா?”

“எல்லாத்தையும். குடிக்கல. அந்த அட்டை... அது அங்கயே இருக்கட்டும்னு...”

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.  பின்வரிசையிலிருந்து மேவிஸ், உன் அத்தையோடு பாடகர் குழுவில் முப்பது வருஷம் சண்டைபோட்டவள், குடையை ஊன்றி எழுந்தாள்.

“அடப்பாவி வெண்டெல்! அந்தத் திருடன் நீதானா? மூணு மாசமா நான் மோருக்கு நாயா அலையறேன்யா! எப்ப வந்தாலும் காலி. ஓரலீ அட்டை மட்டும் தொங்குது, குலுக்கு குலுக்குன்னு. எதைடி குலுக்கறதுன்னு அதுகிட்டயே கேட்டுட்டுப் போவேன்!”

“எனக்கும் கிடைக்கல” என்று ஒரு குரல். “எனக்கும்!” எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது கை. அத்தை ஊருக்காகக் கேட்டதை ஊருக்கே கிடைக்காமல் காவல் காத்திருக்கிறேன்! தீர்மானம் போட்டார்கள்: அட்டை அங்கேயே இருக்கும், மோர் வாரம் ஆளுக்கு ஒரு பாட்டில், வெண்டெல் தொட்டியில் உள்ளதை உடனே கொண்டுவந்து வைக்க வேண்டும். மேவிஸ் தானே வந்து தொட்டியைச் சோதனையிட்டாள்.

ஆக, வெற்றி. இன்றைக்கு லாரி வந்தது. போனேன், என் ஒரு பாட்டிலை எடுத்தேன், அட்டையைப் பார்த்தேன், வந்துவிட்டேன். மொத்தம் நாலு நிமிஷம். மாறுவேஷமெல்லாம் ஆணியில் தொங்குகிறது. அதற்கப்புறம் திங்கட்கிழமை ரொம்ப நீளமாக இருக்கிறது; அது கடிகாரத்தின் கோளாறு, நீ கவலைப்படாதே. திரும்பச் சொல்கிறேன், வராதே. மேகங்களைக் கவனித்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது, வந்தால் என் முழங்காலுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு பாட்டிலுக்குமேல் மோர் தொடுவதற்குத் தடைவிதிக்கப்பட்ட உன் மாமா
வெண்டெல்

பின்குறிப்பு: அத்தையின் இரும்புச் சட்டியில் சோளரொட்டி சுட ரெண்டு பாட்டில் வேண்டும். ஒன்றில் சுட்டுப் பார்த்தேன், வரவில்லை. பண்டிகைக்கு வருகிற விருந்தாளியும் ஒரு ஆள் கணக்குத்தானா என்று லாவெர்னிடம் கேட்டேன். “அதுல என்னங்கய்யா சந்தேகம்?” என்றாள். உன் பேரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.