லிப்ஸ்டிக்கைத் திருப்பி வைத்த விவரம்

நைனார்பாளையம் சம்பந்தி சுஐப் பாய் அவர்களுக்கு, சங்கராபுரத்திலிருந்து ஷேக் மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு அனைவரும் நலம், என் மகள் ஃபரீனின் வயிறு நீங்கலாக. நிச்சயம் முடிந்து எட்டு நாளாகத் தாங்கள் போனை எடுக்காததால் இக்கடிதம்.

ஃபரீனுக்கு சீலியாக் என்னும் கோதுமை ஒவ்வாத நோய் இருப்பது தாங்கள் அறிந்ததே. கோதுமை, மைதா, ரவை துளி உள்ளே போனாலும் வயிறு சுருட்டிக்கொள்ளும். பரோட்டா, பிஸ்கட் எல்லாம் நிறுத்தியும் வலி நிற்கவில்லை. உதட்டுல பூசறது வாய்க்குள்ளதான் போகும், அதுல கோதுமை எண்ணெய் இருக்கலாம், படிச்சிப் பாத்து வாங்குங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இருபத்தாறு வருஷமா ஃபேன்சி ஸ்டோர் வெச்சிருக்கேன், டப்பாவுல வெலையைத் தவிர ஒண்ணும் படிச்சதில்ல. அன்னிலேர்ந்து பூதக்கண்ணாடி வெச்சிப் படிச்சிக்கினு இருக்கேன். கோதுமைக்கு அவங்க வெச்சிருக்கிற பேரு ட்ரிட்டிகம் வல்கேர். வெளைவிச்சவனுக்கே தெரியாது. கல்வராயன் மலையிலேர்ந்து பஸ் புடிச்சி வந்த கொளஞ்சியம்மாள்னு ஒரு அம்மா, பொண்ணு கல்யாணத்துக்கு லிப்ஸ்டிக் கேட்டாங்க. "பொண்ணுக்கு சப்பாத்தி ஒத்துக்குமா?"ன்னேன். "அதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு பாய்?"னுட்டு எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க.

இந்த நெலமையிலதான் நிச்சயத்தன்னிக்கு உங்க வூட்டுத் தட்டுல மேக்கப் பெட்டி வந்துச்சு. லிப்ஸ்டிக்குல எழுத்து எறும்பு சைஸு, பூதக்கண்ணாடியோ கடையில இருந்துச்சு. பயந்துட்டேன். தட்டை வெறுந்தட்டா திருப்பக் கூடாதேன்னு வாழைப்பழம் வெச்சி, அதுக்கு அடியில லிப்ஸ்டிக்கை நாசூக்கா வெச்சிட்டேன். சீர்ல ஒரு பொருள் திரும்புனாலும் சம்பந்தம் வேணாம்னு அர்த்தமாமே, சத்தியமா அது எனக்குத் தோணல பாய். வேன்ல பழம் எடுக்கப் போயி, அடியில லிப்ஸ்டிக்கைப் பாத்து உங்க வீட்டம்மா அழுதுட்டாங்களாம். என் சம்சாரம் ஷர்புன்னிசாவும் எங்கிட்டப் பேசறதில்ல. ஃபரீன் புள்ள போனையே பாத்துக்கினு உக்காந்திருக்கா. அதான் தாங்கல.

ஆகவே கோதுமைக்குப் பயந்த ஒரு தகப்பனை மன்னித்து, நிக்காஹ் தேதியை மாற்றாதிருக்க வேண்டுகிறேன். தங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் ஸலாமும் துஆவும்.

ஷேக் மைதீன்

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள மாப்பிள்ளை சுபுஹானே ஃபரீனுக்குப் போன் பண்ணிட்டார். கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, கோதுமை இல்லன்னு பதில் வந்த அப்புறம்தான் அந்த லிப்ஸ்டிக்கையே வாங்கினாராம். "மாமாவை வூட்டுப் பெருங்காய டப்பாவைப் படிக்கச் சொல்லு"ன்னாராம். படிச்சேன். மைதான்னு பெருசாவே போட்டிருக்கு. தெனம் ரசத்துல போட்டுக்கினு இருந்தோம், வாங்கியாந்தது நான்தான். மேல எழுதுனதையெல்லாம் அடிச்சிடுங்க. அந்த லிப்ஸ்டிக்கை மட்டும் தயவுசெஞ்சி திருப்பி அனுப்புங்க. கடையில நூத்தம்பது கலர் இருக்கு, இவளுக்கு அந்த ஒண்ணுதான் வேணுமாம்.